ஒரே சட்டியில் விழுந்த கற்கள்

அன்புள்ள தானியேலுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புது பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "யம்மா, பக்கத்து வூட்டுல ஒருத்தன் பெத்த புள்ளைங்கள கட்டிவெச்சு அடிக்கிறான். உனக்கு சத்தம் கேக்குது. கதவ ஒடச்சிக்கினு உள்ள போவியா, மாட்டியா?" நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போவேன் என்றேன். "அதத்தான் நாங்க மெசப்பொத்தாமியாவுல பண்ணோம்," என்றாய். துருக்கி சுல்தானின் ஆட்களை நம் பட்டாளம் விரட்டிவிட்டது, இனி ஊருக்கு ஊர் சபை வைத்து அந்த ஜனங்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளப் போகிறார்கள், அப்படி ஒரு சபைக்குக் குமாஸ்தாவாகத்தான் திரும்பிப் போகிறேன் என்று சொன்னாய். வாசற்படியில் உட்கார்ந்திருந்த உன் தோஸ்த் கரீம் சும்மா இருக்கவில்லை. "பாக்தாதுக்கு பஞ்சாயத்து போவுதா? ரொம்ப சந்தோஷம். ஆம்பூருக்கு எப்போ வரும்னு உங்க துரைய கேட்டு ஒரு கார்டு போடு," என்றான். நீ எண்ணெய்த் துணியைச் சுருட்டி அவன் மேல் எறிந்தாய். உன் அப்பா சிரித்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. என் பதில் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவேன் என்று சொன்னேனே தவிர, உள்ளே போன பிறகு என்ன செய்வேன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நீ காட்பாடியில் ரயில் ஏறுகிறாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வராது. நடுவில் சோறு சாப்பிட்டாயா என்று கேட்டு எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதிப் பெட்டியில் உன் சட்டைகளுக்கு அடியில் வைக்கிறேன். கப்பலில் பொழுது போகாதபோது எடுத்துப் படி. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் எனக்கு வாத்தியார் புத்தி போகவில்லை, எதைச் சொன்னாலும் ஓர் உதாரணம் வேண்டும். இந்த முறை உதாரணம் உன் ஞானமுத்து மாமா, என் கூடப் பிறந்த தம்பி. சிறுவயதில் நீ, மாமா ஏன் நம் ஊருக்கு வருவதே இல்லை என்று ஓயாமல் கேட்பாய். கோலார் சுரங்கத்தில் லீவு கிடைக்காது என்று சொல்லி உன்னை அனுப்பிவிடுவேன். லீவு கிடைக்காதது நிஜம்தான். ஆனால் கிடைத்திருந்தாலும் அவன் வந்திருக்க மாட்டான்.

நாங்கள் பிறந்த சேரி ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றை ஒட்டி இருந்தது. சித்திரை, வைகாசியில் ஆறு வெறும் மணல். மணலைத் தோண்டினால் ஊற்று வரும். சேரிக்கு அது ஒன்றுதான் தண்ணீர். பொம்பளைகள் விடியும் முன்னே போய்க் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். வெறுங்குடம் நின்றால் ஆளே நிற்பதாகக் கணக்கு. யார் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் அவளுடைய குடத்துக்கு முன்னே இன்னொருத்தி குடம் வைக்க மாட்டாள். இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த வரிசையைக் கெடுத்தவர் நாட்டாண்மை தாண்டவராயன். தோல் பதனிடும் ஷாப்புக்குத் தண்ணீர் ஏற்றும் பீப்பாய் வண்டிகளை அவர் முதலில் விடுவார். வண்டிகள் இறைத்துப் போன பிறகு ஊற்று திரும்பச் சுரக்க வெயில் உச்சிக்கு ஏறிவிடும். குடங்கள் காய்ந்துகொண்டு நிற்கும். முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். உன் மாமாவுக்கு அப்போது இருபது வயசுகூட ஆகியிருக்காது. தோல் ஷாப்பில், தோல் ஊறப்போடும் குழியில் வேலை. ராத்திரிப் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்டவன், கோபம் வந்தால்கூடச் சத்தமாகப் பேசத் தெரியாதவன். ஒருநாள் காலையில் வண்டி மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தி, "மொதல்ல கொடம், அப்புறம் வண்டி," என்றான். நாட்டாண்மையின் ஆட்கள் அவனைப் பனைமரத்தில் கட்டிவைத்துப் புளிய மிலாறால் அடித்தார்கள்.

நீ சொன்ன பக்கத்து வீடு இதுதான். கதவை உடைக்கவும் ஆள் வந்தார். அந்தப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த ஓர் இளம் துரை சத்தம் கேட்டுக் குதிரையில் வந்தார். பின்னாலேயே கான்ஸ்டபிள்கள். துரை தன் கையாலேயே கயிற்றை அறுத்தார். உன் மாமாவின் முதுகைப் பார்த்து அவர் முகம் வெளிறிப் போனதை நான் பார்த்தேன். அந்தக் கயிற்றை அறுத்ததற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். இதை நீ மறக்காதே. மேலே நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, யாரும் எங்கும் தலையிடக் கூடாது என்று அம்மா சொல்கிறாள் என்று எண்ணிக்கொள்ளாதே. நான் எழுத்துக் கற்றதே கடல் தாண்டி வந்த ஒரு அம்மாளிடம்தான். அவள் வெறுங்கையோடு வந்தாள், எங்கள் பாஷையைத் தப்புத் தப்பாகப் பேசி எங்களைச் சிரிக்க வைத்தாள், பிடிக்காதவர்கள் பிள்ளையை அனுப்பாமல் இருந்தால் பேசாமல் திரும்பிப் போனாள். வெளியிலிருந்து வருவதெல்லாம் கெட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

துரை கயிற்றை அறுத்ததோடு நிற்கவில்லை. நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம். நாட்டாண்மையை விலக்கிவிட்டேன், இனி இந்தச் சேரியை உங்களுக்குப் பிடித்தவர்களே நடத்த வேண்டும் என்றார். மறுநாள் ஊற்றங்கரையில் மண்சட்டிகள் வைக்கப்பட்டன, ஆளுக்கு ஒன்றாக. பனைமரத்தடியில் குடியிருந்த பெரியவர் ஒருவருக்கு ஒன்று, மேஸ்திரி ஒருவருக்கு ஒன்று, உன் மாமாவுக்கு ஒன்று. யாரைப் பிடிக்குமோ அவர் சட்டியில் ஒரு கூழாங்கல்லைப் போட வேண்டும். பொம்பளைகளும் போடலாம் என்றார். அந்தக் காலத்தில் எந்தத் துரையும் சொல்லாத வார்த்தை அது. "நீங்கள் எல்லாரும் இப்போது சுயாதீனமாய் இருக்கிறீர்கள். பயம் வேண்டாம்," என்று பரீட்சைக்குப் படித்த தமிழில் சொன்னார். சட்டிகளுக்கு இரண்டு பக்கமும் சிவப்புத் தலைப்பாகைக் கான்ஸ்டபிள்கள் தடியோடு நின்றார்கள். கலகம் வரக்கூடாது என்பதற்காக. முனியம்மா என்று ஒருத்தி, தோலில் மயிர் சுரண்டும் வேலை செய்பவள், பயமென்றால் என்னவென்று தெரியாத வாய். அவள் என் காதருகில் வந்து, "ஏ பொண்ணு, உனக்குத்தான் துரை பாஷை தெரியுமே. எந்த சட்டில போட்டா வூட்டுக்கு போலாம்னு கேட்டு சொல்லு. அடுப்புல கஞ்சி கெடக்குது," என்றாள். நான் சிரித்துவிட்டு, "உனக்கு யாரை புடிக்குமோ அவங்களுக்கு போடுக்கா," என்றேன். "எனக்கு யாரை புடிச்சா இவனுங்களுக்கு இன்னா?" என்று கான்ஸ்டபிளைக் கண்ணால் காட்டினாள்.

கடைசியில் சட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். எல்லாக் கற்களும் உன் மாமாவின் சட்டியில். மற்றச் சட்டிகளில் ஒன்றுகூட இல்லை. நாட்டாண்மையின் பெண்சாதிகூட என் தம்பிக்குத்தான் போட்டிருந்தாள். துரைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தானியேல், எங்கள் சேரியில் கஞ்சிக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் ஒரே வீட்டில் மூன்று அபிப்பிராயம் வரும். அப்படிப்பட்ட ஜனம் ஒரே சட்டியில் கல்லைப் போட்டது என்றால், அவர்கள் சட்டியைப் பார்த்துப் போடவில்லை. முந்தினநாள் துரை யாருடைய கயிற்றை அறுத்தார் என்பதைப் பார்த்துப் போட்டார்கள். பலவானுக்கு எது பிடிக்கும் என்று முகம் பார்த்து நடக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிழைத்திருந்ததே அந்தப் படிப்பால்தான். புதிதாக ஒரு காரியம் செய்யச் சொன்னபோதும் பழைய படிப்பைத்தான் செய்தார்கள்.

துரை போனார். புதுப் பஞ்சாயத்துக்குக் காவலாகக் கான்ஸ்டபிள்கள் மட்டும் தோல் ஷாப்பின் ஆவாரம் பட்டைக் கிடங்கில் தங்கினார்கள். உன் மாமா முதல் வேலையாகக் குடங்களுக்கு முதல் இடம் என்று ஆக்கினான். எல்லாரும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே காரியம்தான். ஆனால் கொஞ்ச நாளில் கான்ஸ்டபிள்கள் குளிக்கத் தண்ணீர் கேட்டார்கள். பிறகு விறகு. பிறகு கோழி. வண்டிக்குப் பின்னால் காய்ந்த குடங்கள் போலீஸ் குளியலுக்குப் பின்னால் காய்ந்தன. உன் மாமா அவர்களைக் கண்டிக்க முடியாது. அவர்கள் போய்விட்டால் நாட்டாண்மையின் ஆட்கள் வருவார்கள். ஜனங்களிடம் போய்க் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவான். முனியம்மா என்னிடம், "உன் தம்பி நல்லவன்தான், யார் இல்லன்னா? தலைப்பா ஒண்ணுதான் கம்மி. அதையும் கட்டிக்கினா எங்களுக்கு யார் யாருன்னு தெரிஞ்சுபோவும்," என்றாள். அவன் எது சொன்னாலும், அது நல்லதே ஆனாலும், தடிக்காரன் சொல்லாகத்தான் அவர்கள் காதில் விழுந்தது.

துரைக்கு வேறு ஊர் மாற்றல் ஆயிற்று. ஒருநாள் காலையில் கான்ஸ்டபிள்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம், அதுவரை மாமனார் ஊரில் ஒதுங்கியிருந்த தாண்டவராயன் திரும்பி வந்து, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். ஒருவர்கூட எழுந்து ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அவரும் யாரையும் அடிக்கவில்லை. மறுநாள் உன் மாமாவுக்காக நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனேன். வரிசையில் குடங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக நின்றன. எங்கள் வீட்டுக் குடத்துக்கு யாரும் இடம் விடவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை; வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வெறுங்குடத்தோடு திரும்பி வந்த என்னைப் பார்த்ததுமே என் தம்பிக்கு விளங்கிவிட்டது.

ஆம்பூர் ஸ்டேஷனில் கோலார் வண்டிக்குக் காத்திருந்தபோது அவன் சொன்னதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. "அவங்க மேல எனக்கு கோவம் இல்லக்கா. அவங்க எனக்கு கல்லு போடல, துரைக்கு போட்டாங்க. இன்னும் நாலஞ்சு வருஷம் என்னை வுட்டிருந்தா, அந்த கொடத்துக்காக நானே ஒவ்வொரு வூடா போய் பேசியிருப்பேன். பாதிபேர் திட்டியிருப்பான். மீதி பாதி வந்திருப்பான். அந்த பாதி போதும் எனக்கு." வண்டி வந்தது. ஏறிக்கொண்டான். துரை காப்பாற்றிய உயிர் அது. ஆனால் அந்தச் சேரிக்கு ஒருநாள் வாய்த்திருக்கக்கூடிய மனுஷனையும் அந்தத் துரைதான் எடுத்துக்கொண்டு போனார். இரண்டும் உண்மை. எனக்கு இவ்வளவு வயசான பிறகும் ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்கத் தெரியவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நான் பாதிக் கதை சொன்னவளாவேன். நீ பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த வருஷம், மழை பொய்த்தது. வண்டிகள் மறுபடி முதலில் இறங்கின. ஒருநாள் விடியற்காலையில் பொம்பளைகள் குடங்களை வரிசையில் வைக்கவில்லை. ஊற்றைச் சுற்றி வாய் கீழாகக் கவிழ்த்துவிட்டு, நடுவே உட்கார்ந்துகொண்டார்கள். குடத்தை உடைக்காமல் வண்டி கிட்டே வர முடியாது. அதில் தாண்டவராயனின் மருமகள் குடமும் இருந்தது. முனியம்மா என்னைத் தேடி வந்தாள். போலீசுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று நான் கேட்டேன். "ஐயே, அவனுங்க வந்து ஞாயம் சொல்ற பேஜார் வேணாம். உன் தம்பி பட்டது போதாதா? ஒரே ஒரு போலீச மட்டும் வரச்சொல்லி, யாரும் எங்கள அடிக்காம பாத்துக்க சொல்லு. கரைமேல நிக்கட்டும். மணல்ல கால் வெச்சா அவன் தலைப்பாவையும் நாங்க கவுத்துடுவோம்," என்றாள். அப்படியே நடந்தது. ஒரே ஒரு கான்ஸ்டபிள் கரையில், பேச்சு காதில் விழாத தூரத்தில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கீழே மணலில் சண்டை. நாட்டாண்மையோடு மட்டும் இல்லை, அவர்களுக்குள்ளேயே. யார் குடம் முன்னே, பிள்ளை பெற்றவளுக்கு முதலிடமா, வண்டிக்கு ஒரு வேளையாவது விடலாமா, விடாவிட்டால் தோல் ஷாப்பில் புருஷன் வேலை போகுமே என்று. நாள் கணக்கில் கத்தினார்கள். தாண்டவராயன் சாகும்வரை நாட்டாண்மை என்ற பெயரோடுதான் இருந்தார். ஆனால் ஊற்று வரிசை அவர் கையை விட்டுப் போய்விட்டது. வருஷா வருஷம் சண்டை போட்டு மாற்றிக்கொள்கிறார்கள். ஒருபோதும் எல்லாக் கல்லும் ஒரே சட்டியில் விழுந்ததில்லை. உன் மாமாவை வரச்சொல்லி முனியம்மாவே ஆள் அனுப்பினாள். "நல்லா இருக்கட்டும்," என்று சொல்லி அனுப்பிவிட்டான். அங்கே அவனுக்குக் குழந்தைகள் ஆகிவிட்டிருந்தன.

இதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தோல் பதனிடும் தன் தொழிலையும் ஓர் உதாரணமாகச் சேர்க்கச் சொன்னார். பச்சைத் தோலை எடுத்த எடுப்பில் புது ஆவாரம் பட்டை ஊறிய காரமான சாற்றில் போட்டால், மேல்புறம் உடனே இறுகிக்கொள்ளும், சாறு உள்ளே இறங்காது. பார்க்கத் தோல் மாதிரியே இருக்கும். நடுவில் பச்சையாகவே கிடந்து அழுகும். அதனால்தான் சாரம் போன பழைய தண்ணீரில் தொடங்குகிறார்கள். உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோலுக்கு வாய் கிடையாது, ஜனங்களுக்கு உண்டு, அதனால் பாதி வழிதான் வரும் என்று அவரிடம் சொன்னேன். "அது சரி, அந்த ஊர்ல சோத்துக்கு இன்னா பண்றான்னு கேட்டு எழுது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீ கேட்பாய், பட்டாளம் போய்க் கொடுங்கோலனை விரட்டின பிறகு நல்ல குடியாட்சி அமைந்த தேசம் ஒன்றுகூடக் கிடையாதா என்று. இருக்கலாம். ஏற்கெனவே கூடி உட்கார்ந்து பேசிப் பழகிய ஜனத்தின் தலைமேல் ஒரு பாறாங்கல் மட்டும் கிடந்தால், வெளியாள் அதைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று துப்பாக்கி பிடித்தவனுக்குத் தெரிவதில்லை. அவன் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். கரீம் கேலியாகச் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. தன் வீட்டில் யாரையும் வாய் திறக்க விடாதவன் அடுத்த வீட்டுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்கப் போனால், அந்த வீட்டார் அவன் வாயைப் பார்க்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள். ஆகவே உன் கேள்விக்கு என் மீதிப் பதில் இது: கதவை உடைப்பேன், கயிற்றை அறுப்பேன், அடிக்கிற கையைப் பிடிப்பேன். அதற்கப்புறம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, இந்த வீட்டில் இனி யார் சொல் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்க மாட்டேன். வாசலுக்கு வெளியே வந்து, கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் நிற்பேன். கையைத் தடுப்பது பலத்தால் முடியும். கூடி உட்காருவது பலத்தால் வராது. அது உட்காருகிறவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

போகாதே என்று எழுதத்தான் முதலில் காகிதத்தை எடுத்தேன். அம்மா கண்ணீர் விட்டுக் கேட்டால் நீ நின்றுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அப்படி உன்னை நிறுத்தினால் நானும் அந்தத் துரை செய்ததைத்தான் செய்தவளாவேன். நீ என் முகத்தைப் பார்த்து ஒரு கல்லைப் போட்டிருப்பாய். அதனால் போய் வா. உனக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு உண்டு, அது எல்லா அம்மாவுக்கும் உள்ளது. அதைவிட இன்னொரு பயம் உண்டு. அந்த ஊரிலும் ஒரு ஞானமுத்து இருப்பான். நியாயத்துக்காக ஏற்கெனவே அடிபட்டவன், சத்தமாகப் பேசத் தெரியாதவன். உன் துரைக்கு அவனைப் பிடித்துப்போகும். சபையில் முதல் நாற்காலி அவனுக்குக் கிடைக்கும். அவன் பெயரை எழுதுவது நீ. ஒருநாள் பட்டாளம் கப்பல் ஏறும், நீயும் ஏறுவாய், அவன் அங்கேயே இருப்பான். அவன் வீட்டுக் குடத்துக்கு வரிசையில் இடம் இருக்குமா? என் மகன் கையால் இன்னொரு அக்கா வெறுங்குடத்தோடு திரும்பி வரக்கூடாது, கண்ணு. நான் உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான்.

முதல் சபை கூடும் நாளில், சிப்பாய்களைப் பேச்சுக் கேட்காத தூரத்துக்கு அனுப்பிவிட்டுப் பின்வரிசையில் உட்கார். உன் துரைக்குப் பிடிக்காத ஒரு வார்த்தையை அவர்களில் ஒருவன் எழுந்து சொல்லும்வரை, யார் பெயரையும் எழுதாமல் பேனாவைப் பையிலேயே வைத்திரு.

உன் அம்மா